கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளும் நமது கடமையும்

(மும்பை தாராவியில் நமது சங்கம் கூட்டிய குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. அன்று வர இயலாத அன்பர்களின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



வழக்கமாக நமது கூட்டங்களில் ரேஷன் கார்டு, தண்ணீர்க் குழாய், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, வாக்காளர் பட்டியல் என்று பேசுவோம். இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நமது பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். பி.இ., பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர், பி.சி.ஏ. படித்தவர்கள் இன்று நமது ஒவ்வொரு சந்திலும் இருக்கிறார்கள். ஐரோலி, பவாய், புனே ஹிஞ்சேவாடி என்று சாப்ட்வேர் கம்பெனிகளில் 'டெவலப்பர்' வேலைக்கு உத்தரவு வாங்கி வருகிறார்கள். தோல் கிடங்கிலும் பஞ்சாலையிலும் துறைமுகத்திலும் உடம்பைக் கொடுத்து உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். நாம் எல்லோரும் மகிழ வேண்டிய செய்தி இது.

உத்தரவு வந்த அன்று வீட்டில் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. "வேலை பெர்மனென்ட்டா?" என்பது ஒன்று. "சம்பளம் எவ்வளவு?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் கம்பெனி உலகத்தில் இந்த இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்காது. அப்படியானால் எதைக் கேட்பது, எதைத் தயார் செய்வது, வேலையில் சேர்ந்த பிறகு அடுத்த வேலைக்கு எப்படி மாறுவது என்பதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லவே உங்கள் முன் நிற்கிறோம்.

'பெர்மனென்ட்' என்ற சொல்

நமது பெரியவர்கள் ஆலை வேலையை ஆயுள் முழுவதற்கும் உரியது என்று நம்பினார்கள். 1982 ஜனவரி 18-ஆம் நாள் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்ப முடியாமலே போனவர்கள் பல ஆயிரம் பேர். அந்த ஆலைகள் நின்ற லோயர் பரேலில் இன்று மால்களும் மாடிக் கட்டிடங்களும் நிற்கின்றன. அரசாங்க வேலையும் பழையபடி இல்லை. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊழியர் சங்கங்கள் போராடிய பின்னர்தான் 2025 ஏப்ரல் 1 முதல் உறுதியளிக்கப்பட்ட பென்ஷன் திட்டம் ஒன்று வந்தது. அதுவும் பழையதற்கு ஈடாகாது.

ஆகவே நிரந்தரம் என்பது எந்த முதலாளியும் தானாகக் கொடுத்த வரம் அல்ல. தொழிலாளி ஒன்றுபட்டு நின்ற காலத்தில், ஒன்றுபட்ட அளவுக்கு அது இருந்தது. கம்பெனியில் அந்த ஒற்றுமை இன்னும் பிள்ளைப் பருவத்தில்தான் இருக்கிறது. நமது பிள்ளைகள் அங்கே தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனித்தனியாக நிற்கிறார்கள்.

"அப்படியானால் அரசாங்க வேலைக்கே முயன்றால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. முயலத்தான் வேண்டும். ஆனால் வேலை தேடி வந்த குடும்பங்களுக்கு அங்கே ஒரு சுவர் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லும், மீண்டும் 2018-லும் தீர்ப்பளித்தது. 1950-க்குப் பிறகு இங்கே வந்தவர்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், மகாராஷ்டிர அரசு வேலையில் அந்தப் பங்கைப் பெற இயலாது. மத்திய அரசு வேலைக்கு மட்டும் ஊர்ச் சான்றிதழ் செல்லும். எனவே நமது பிள்ளைகளில் பலருக்குக் கம்பெனி வாசல்தான் திறந்திருக்கும் பெரிய வாசல். அதற்குள் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பதே நாம் சொல்வது.

உத்தரவைப் படிப்பது எப்படி

முதலாவதாக, நியமன உத்தரவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊழியருக்கு எழுத்து மூலம் நியமன உத்தரவு கொடுத்தாக வேண்டும். அந்தத் தொகுப்புகளில் தொழிலாளிக்குப் பாதகமான பகுதிகள் பல உண்டு. அவற்றை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் போராடி வருவதை இந்த ஏட்டைப் படிப்பவர்கள் அறிவார்கள். ஆயினும் நமக்குச் சாதகமான வரியை நாம் பயன்படுத்திக்கொள்ளத்தான் வேண்டும். "முதலில் சேர், உத்தரவு பிறகு வரும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வேலைக்காகப் பணம் கேட்டால், டெபாசிட் என்றாலும் பயிற்சிக் கட்டணம் என்றாலும், அது வேலை அல்ல, மோசடி என்று முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவதாக, சம்பளம். உத்தரவில் சி.டி.சி. என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அந்த ஆளுக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தக் கணக்கு அது. கையில் வாங்கும் பணம் வேறு. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் என்று உத்தரவு வருகிறது. மாதம் 30 ஆயிரம் என்று வீட்டில் கணக்குப் போடுகிறோம். அதில் அடிப்படைச் சம்பளம் 15 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கட்டும் பி.எப். பங்கு 1,800 ரூபாய் அந்த 30 ஆயிரத்துக்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கு என்று சுமார் 720 ரூபாய். 'வேரியபிள் பே' என்ற பெயரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,000 ரூபாய், ஆண்டு முடிவில் கம்பெனி மனம் வைத்தால்தான் வரும். குரூப் இன்சூரன்சுக்கு 480 ரூபாய் என்று கொள்வோம். எல்லாம் போக 24 ஆயிரம். அதிலிருந்து பிள்ளையின் பி.எப். பங்கு 1,800, மகாராஷ்டிரத் தொழில் வரி 200 பிடித்தால் கைக்கு வருவது 22 ஆயிரம். பெண்களுக்கு மாதம் 25 ஆயிரம் வரை அந்தத் தொழில் வரி கிடையாது.

30 ஆயிரத்துக்கும் 22 ஆயிரத்துக்கும் நடுவே இருக்கும் 8 ஆயிரத்தை நம்பி எத்தனை வீடுகளில் சீட்டுக் கட்டுகிறோம், நகை எடுக்கிறோம், தவணைக்கு வண்டி வாங்குகிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவதாக, சோதனைக் காலம். அது எத்தனை மாதம், அதற்குள் வேலையை விட்டு நீக்க எத்தனை நாள் நோட்டீஸ், உறுதி செய்த பிறகு எத்தனை மாத நோட்டீஸ் என்ற மூன்று எண்களையும் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பயிற்சிக் காலத்தில் தேர்வுகள் உண்டா என்றும் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் மைசூரில் இன்போசிஸ் நிறுவனம் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியேற்றியது. மூன்று வாய்ப்புகளிலும் உள்தேர்வில் தேறாதவர்கள் என்று காரணம் சொன்னது. கல்லூரியில் தேறியதோடு தேர்வு முடிந்துவிட்டது என்று நமது பிள்ளைகள் நினைக்கக் கூடாது. சேரும் நாளுக்கு முன்னால் கிடைக்கும் வாரங்களை ஊர் சுற்றக் கழிக்காமல், என்ன மொழியில் என்ன பயிற்சி தரப்போகிறார்கள் என்று கேட்டறிந்து, அதை வீட்டிலேயே கைபழகிக்கொள்ள வேண்டும்.

பெயர் என்னும் சிக்கல்

நான்காவதாகச் சொல்லப்போவது வடநாட்டாருக்குச் சிறு விஷயம், நமக்குப் பெரிய விஷயம். அதுதான் பெயர்.

நமக்குப் பெயரும் இனிஷியலும் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே பெயரின் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டொழிப்போம் என்று தீர்மானித்த வழி நமது வழி. இங்கேயோ ஒவ்வொரு பாரத்திலும் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து எழுத்தர் ஒன்றை எழுதுகிறார். ரேஷன் ஆபீசில் இன்னொன்றை எழுதுகிறார்கள். சிலருக்கு ஊரில் விட்டுவிட்டு வந்த சாதிப் பெயரையே இங்கே யாரோ ஒட்டிவிடுகிறார்கள். செல்வி என்று ஒரு பெண், தகப்பனார் பெயர் சுடலைமுத்து என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சுடலைமுத்து செல்வி'. ஆதாரில் 'செல்வி எஸ்.'. பான் கார்டில் இனிஷியல் செல்லாது என்பதால் 'செல்வி சுடலைமுத்து'. பேங்க் பாஸ் புத்தகத்தில் நான்காவது ஒன்று. ஆள் ஒருத்திதான், காகிதத்தில் நான்கு பேர்.

இதனால் என்ன கெடுதல்? வேலையில் சேரும்போது சான்றிதழ்களைச் சரிபார்க்க வெளி ஆட்களை வைத்திருக்கிறார்கள். பெயர் பொருந்தவில்லை என்றால் சேரும் தேதி தள்ளிப்போகும். அதைவிடக் கேடு பி.எப்.-இல் வரும். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பி.எப். கணக்கில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் பணத்தை எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. பாஸ்போர்ட்டிலும் இதே தொல்லைதான். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்களை, 2022 நவம்பர் முதல் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அறிவித்தபோது எத்தனை பேர் தவித்தார்கள்!

ஆகவே பிள்ளை கல்லூரியில் இருக்கும்போதே ஒரு முடிவு செய்யுங்கள். தகப்பனார் பெயரையோ தாயார் பெயரையோ முழுதாக விரித்து இரண்டாம் பெயராக வைத்துக்கொள்ளலாம். சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதை அடிப்படையாகக் கொண்டு ஆதார், பான், பேங்க், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அதே எழுத்துகளில் திருத்திவிடுங்கள்.

பாண்டும் அசல் சான்றிதழும்

ஐந்தாவதாக, பாண்டு. "இரண்டு ஆண்டு வேலை செய்வேன், இல்லையேல் இத்தனை லட்சம் கட்டுவேன்" என்று எழுதி வாங்குகிறார்கள். "பாண்டு சட்டப்படி செல்லாது, தைரியமாகக் கையெழுத்துப் போடு" என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதீர்கள். ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகு வேறு எங்கும் அதே தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. அது வேறு. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் நிபந்தனை வேறு. விஜயா பேங்க் வழக்கில், மூன்று ஆண்டு முடிவதற்குள் விலகிய அதிகாரி ஒருவர் பாண்டின்படி 2 லட்சம் ரூபாய் கட்டியது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. பொதுத் துறை பேங்க் விளம்பரம் செய்து, போட்டித் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? கோர்ட்டுக்குப் போனால் தொகை நியாயமானதா, கம்பெனிக்கு உண்மையில் செலவு ஏற்பட்டதா என்று பார்ப்பார்கள். நியாயமற்ற தொகையை அப்படியே வசூலித்துவிட முடியாது. ஆனால் 22 ஆயிரம் சம்பளக்காரன் கோர்ட்டுக்கு நடப்பது எளிதா? ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. பாண்டு இருந்தால் தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, பயிற்சிக் காலம் அதில் சேருமா என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். தகப்பனாரையோ மாமாவையோ ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னால் சங்கத்தில் காட்டாமல் போடாதீர்கள்.

அசல் சான்றிதழ்களைக் கம்பெனியிடம் ஒப்படைக்கவே கூடாது. அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளையும் பிடித்து வைப்பது பழைய கொத்தடிமை முறையின் புதிய வேடம்.

சர்வீஸ் புத்தகத்தை நாமே எழுதுவோம்

ரயில்வேயில் ஒருவர் சேர்ந்தால் அவர் பெயரில் சர்வீஸ் ரிஜிஸ்டர் ஒன்று திறக்கப்படும். சேர்ந்த நாள், இன்கிரிமென்ட், லீவு, மாற்றல், தண்டனை, நாமினி எல்லாம் அதில் ஏறும். அவர் ஓய்வு பெறும்போது அந்தப் புத்தகம்தான் அவருக்காகப் பேசும். அதில் ஒரு வரி விடுபட்டுப்போனால் பென்ஷன் கணக்கில் எவ்வளவு அலைச்சல் என்பதை, அந்தப் புத்தகங்களின் நடுவே வேலை செய்யும் நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம்.

ஐந்து கம்பெனி மாறும் பிள்ளைக்கு அப்படி ஒரு புத்தகத்தை எழுதி வைக்க யாரும் இல்லை. அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பைல் போடுங்கள். நியமன உத்தரவு, உறுதி செய்த கடிதம், மாதாமாதம் பே ஸ்லிப், சம்பள உயர்வுக் கடிதம், வருமான வரிச் சான்று, இன்சூரன்ஸ் அட்டை, பி.எப். கணக்கின் 12 இலக்க யு.ஏ.என். எண், விலகும்போது ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று எல்லாம் அதில் இருக்கட்டும். கம்பெனியின் மெயிலில் மட்டும் வைத்திருந்தால் போதாது. வெளியேற்றும் அன்று அந்த மெயில்தான் முதலில் பூட்டப்படும். அதே சமயம், கம்பெனிக்கு எழுதிய புரோகிராமையோ வாடிக்கையாளர் விவரத்தையோ வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. அது கம்பெனியின் சொத்து, எடுத்தால் வழக்கு வரும்.

காகிதத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். இந்த வாரம் என்ன வேலை செய்தேன், எந்தப் பிழையை எப்படிச் சரிசெய்தேன், எதைப் புதிதாகக் கற்றேன் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு வரி எழுதட்டும். ஆண்டு முடிவில் மேலதிகாரி மதிப்பெண் போடும்போதும், அடுத்த கம்பெனி நேர்முகத்தில் கேள்வி கேட்கும்போதும் அந்த நான்கு வரிகள் கைகொடுக்கும்.

பி.எப். பற்றி ஒரு சொல். வேலை மாறும்போதெல்லாம் பி.எப். பணத்தை எடுத்துச் செலவழிக்கும் பழக்கம் நமது வீடுகளில் இருக்கிறது. கல்யாணம், ஊர்க் கோவில் கொடை, அறைக்கு டெபாசிட் என்று காரணம் கிடைத்துவிடுகிறது. புதிய கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொண்டால் சர்வீஸ் தொடரும். ஐந்து ஆண்டுத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வருமான வரிக் கணக்கில் வரும். பென்ஷன் பங்கையும் துடைத்து எடுத்துவிட்டால் பென்ஷனுக்குத் தேவையான 10 ஆண்டு சர்வீஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நாமினி பெயரையும் பதிவு செய்யுங்கள். வேலையில் இருக்கும்போதே உறுப்பினர் இறந்தால் பி.எப். இன்சூரன்சில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு உரிமை உண்டு.

வீட்டின் பொறுப்பு

இனி பெற்றோர்களுக்கு. பிள்ளைக்கு வேலை கிடைத்தவுடன் பழைய கடன் எல்லாம் அடைந்துவிடும், தங்கை கல்யாணம் முடிந்துவிடும், ஊரில் வீட்டுக்கு மாடி எடுத்துவிடலாம் என்று ஆசைப்படுகிறோம். ஒண்டுக்குடித்தனத்தில் முப்பது ஆண்டு கழித்தவர்களின் ஆசையில் தவறு காண யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சோதனைக் காலத்தில் இருக்கும் சம்பளத்தைக் காட்டி லோன் எடுத்தால், அந்தப் பிள்ளை வாயைத் திறக்க முடியாமல் ஆகிவிடும். மேலதிகாரி இரவு பதினொரு மணி வரை உட்காரச் சொன்னாலும், சம்பளம் ஏற்றவில்லை என்றாலும், அவமானப்படுத்தினாலும், ஐந்தாம் தேதி தவணையை நினைத்துத் தலை குனிந்து நிற்கும். கம்பெனிக்கு அதைவிட வசதியான தொழிலாளி கிடைக்குமா?

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். வேலை உறுதியாகும் வரை புதுக் கடன் வேண்டாம். முதல் ஆண்டுக்குள் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் பேங்க்கில் சேரட்டும். சேர்ந்த பிறகு மாடியைப் பற்றிப் பேசலாம். 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய சாப்ட்வேர் நிறுவனமான டி.சி.எஸ்., தனது ஊழியர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை, ஏறத்தாழ 12 ஆயிரம் பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்மட்ட ஊழியர்கள் என்றது. பதினைந்து ஆண்டு சர்வீஸ் போட்டவர்களுக்கே அந்த நிலை என்றால், கையில் ஆறு மாதப் பணம் இருப்பதும் இல்லாததும் மானத்தோடு அடுத்த வேலை தேடுவதற்கும் கந்துவட்டிக்காரனிடம் போய் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், இரவில் ஒரு மணி நேரம் டி.வி.யை நிறுத்திக் கொடுப்பதும் பிள்ளைக்குச் செய்யும் உதவிதான். அந்தத் தொழிலில் கற்பதை நிறுத்தியவர்களுக்கு இடம் இல்லை. இன்று புரோகிராம் எழுதும் வேலையின் ஒரு பகுதியை இயந்திரமே செய்கிறது. அது எழுதியதைச் சரிபார்த்துக் குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கே நாளை மதிப்பு.

கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தனி இன்சூரன்சை விட்டுவிடாதீர்கள். வேலை போன அன்று கம்பெனி இன்சூரன்சும் போகும். மாதம் 21 ஆயிரத்துக்குள் சம்பளம் உள்ளவர்களுக்குத்தான் ஈ.எஸ்.ஐ. உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபீசில் ஒருவன் தவறாக நடந்தான் என்று மகள் வந்து சொன்னால், "போதும், வேலையை விட்டுவிடு" என்பதுதான் நமது வீடுகளில் முதல் பதிலாக இருக்கிறது. குற்றம் செய்தவன் நாற்காலியில் இருக்க, குற்றம் செய்யாத பெண் வீட்டுக்கு வருவது என்ன நியாயம்? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இரவு வேலைக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கும் வண்டிக்கும் கம்பெனிதான் பொறுப்பு. முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மகள் சொல்வதைப் பயமில்லாமல் சொல்லக்கூடிய வீடாக நமது வீடு இருக்க வேண்டும்.

வேலை மாறும்போது

நமது தலைமுறையில் வேலை மாறுகிறவனை நிலையில்லாதவன் என்றார்கள். கம்பெனியில் அப்படி இல்லை. ஒரே இடத்தில் இருப்பவர்களை விட, மாறுகிறவர்களுக்குச் சம்பளம் கூடுவது அங்கே வழக்கம். ஆனால் எப்போது, எப்படி மாறுவது என்று கணக்கு வேண்டும்.

புதிய இடத்து உத்தரவு எழுத்தில் கைக்கு வராமல் பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்கக் கூடாது. போனில் "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்றது உத்தரவு ஆகாது. நோட்டீஸ் காலத்தை ஒழுங்காக முடித்து ரிலீவிங் லெட்டர் வாங்க வேண்டும். கோபத்தில் சொல்லாமல் நின்றுவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு அந்தக் கறை தொடரும். இல்லாத அனுபவத்தை இருப்பதாக எழுதித் தரும் கடைகளின் பக்கம் போகவே கூடாது. சரிபார்ப்பில் பிடிபட்டால் கிடைத்த வேலையும் போகும். கணக்குத் தீர்ப்பது பற்றி ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது, விலகிய அல்லது நீக்கப்பட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்பதாகும். சட்டம் தானாக நடந்து வந்து பணத்தைக் கொடுக்காது. எழுத்தில் கேட்க வேண்டும்.

ஐந்து ஆண்டை நெருங்குகிறவர்கள் கிராஜுவிட்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுத் தொடர் சர்வீஸ் முடிந்தால், கடைசிச் சம்பளத்தில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் பெற உரிமை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய சட்டப்படி ஓராண்டே போதும். நான்கரை ஆண்டில் அவசரப்பட்டு ஓடுவதால் எவ்வளவு இழப்பு, புதிய இடத்தில் எவ்வளவு லாபம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஒருநாள் திடீரென்று அழைத்து, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நல்ல சான்று தருகிறோம்" என்பார்கள். அந்த அறையில் அந்த நிமிடத்தில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "வீட்டில் கலந்து நாளை பதில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வரட்டும். நீக்கப்பட்டவனுக்கு உள்ள உரிமைகள், தானே விலகியதாக எழுதிக் கொடுத்தவனுக்குக் கிடைக்காமல் போகும்.

வெளிநாட்டு வேலை என்று வருபவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், மியான்மர் எல்லையில் அடைத்து வைத்து மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அதில் தமிழ் இளைஞர்களும் சிக்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

சங்கம் எதற்கு?

கடைசியாக ஒன்று. கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, ஏ.சி. அறையில் உட்கார்ந்துவிட்டால் நாம் தொழிலாளி இல்லை என்ற மயக்கம் நமது பிள்ளைகளுக்கு வருகிறது. உழைப்பை விற்றுப் பிழைக்கிறவன் தொழிலாளி. கை அழுக்காகிறதா இல்லையா என்பது கணக்கில்லை. சாப்ட்வேர் ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. பெங்களூரில் 2017-இல் அவர்களுக்கென்றே சங்கம் தொடங்கப்பட்டது. இங்கும் அது வளர வேண்டும்.

1966-க்குப் பிறகு இந்த நகரத்தில் "மதராசிகள் குமாஸ்தா வேலைகளைப் பறித்துவிட்டார்கள்" என்று கூச்சல் எழுந்த காலத்தை நமது பெரியவர்கள் மறக்கவில்லை. அன்று நம்மைக் காத்தது நாம் ஒன்றாக இருந்ததும், நம்மோடு நின்ற மராத்தித் தொழிலாளத் தோழர்களும்தான். கம்பெனிக்குள்ளும் மராத்திப் பிள்ளை, பீகார்ப் பிள்ளை, நமது பிள்ளை மூவருக்கும் ஒரே பாண்டு, ஒரே நோட்டீஸ். இதை மறந்தால் மூவரையும் தனித்தனியே வெளியேற்றுவார்கள்.

எனவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை நமது சங்க அறையில் 'உத்தரவு படிக்கும் குழு' கூடட்டும். உத்தரவு வந்த பிள்ளைகள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைக் கொண்டு வரட்டும். முன்னரே கம்பெனியில் இருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் மாதத்தில் ஒரு மாலையை இதற்குக் கொடுங்கள். நீங்கள் படித்தபோது இந்தச் சந்தில் எத்தனை வீடுகள் உங்களுக்குச் சோறு போட்டன, எத்தனை பேர் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர்த் திருத்தம், பி.எப். கணக்கு, நாமினிப் பதிவு இவற்றுக்கான பாரங்களை நிரப்பும் பொறுப்பை எழுத்து வேலை தெரிந்த நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

வரும் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் குழு தொடங்கும். இந்த ஆண்டு உத்தரவு வாங்கிய பிள்ளைகள் உத்தரவின் நகல், ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகல் ஆகியவற்றோடு தாய் தகப்பனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.